ஃபேர் தீவில் இலையுதிர்கால வலசைப் பறவைகள்: புதியவர்களுக்கு ஒரு நாள் செய்முறை

ஸ்காட்லாந்தின் ஆர்க்னி, ஷெட்லாண்டு தீவுக்கூட்டங்களுக்கு நடுவே தனித்துக் கிடக்கிறது ஃபேர் தீவு. நீளம் ஏறத்தாழ 5 கிலோமீட்டர். மரங்கள் மிகக் குறைவு. கடல் தாண்டிக் களைத்து வரும் பறவைக்குக் கல்சுவரும் ஓடைக்கரையும் பயிர்நிலமும்தான் புகலிடம். எங்கே தேடுவது என்ற குழப்பம் புதியவருக்கு இங்கே பாதியாகக் குறைந்துவிடுகிறது.

1. முதலில் காற்றைப் பாருங்கள். செப்டம்பர் கடைசியும் அக்டோபர் முற்பகுதியும் நல்ல காலம். ஸ்காண்டிநேவியா மீது உயர் அழுத்தம் நிலைத்து, வடகடலில் கொண்டல் (கிழக்கிலிருந்து வரும் காற்று) வீசுகிறதா என்று வானிலை வரைபடத்தில் தேடுங்கள். தெளிந்த இரவில் புறப்பட்ட பறவைகள் கடல் நடுவே மேகத்திலும் மழையிலும் சிக்கினால், காற்று அவற்றை மேற்கே தள்ளும். கண்ணில் படும் முதல் நிலத்தில் இறங்கும். எனக்கு இலக்கக் கருவிகள் எல்லாவற்றையும்விட இந்த வரைபடமே பெரிது. மேற்கிலிருந்து காற்று வீசும் நாளில் எண்ணிக்கை பெரும்பாலும் குறைவுதான்.

2. பயணத்தில் உபரி நாள்கள் வைத்துக்கொள்ளுங்கள். சிறு விமானத்தையும் படகையும் மூடுபனியும் புயலும் நிறுத்திவிடும்.

3. விடிந்ததும் சுவர்களின் காற்று மறைந்த பக்கமாக நடங்கள். சில அடிகள் நடந்து நில்லுங்கள். இருநோக்கியைத் தூக்குமுன் காதால் கேளுங்கள். ஓடைப்புல்லை அவசரமாகக் கடக்காதீர்கள். லான்சியலேட்டட் வார்ப்ளர் என்ற அரிய சைபீரியக் குருவி பறக்காமல், எலியைப்போல் புல்லடியில் ஊர்ந்து நழுவும். கல்சுவர்கள் சாந்து பூசாதவை, ஏறினால் சரியும். வாயில் வழியே செல்லுங்கள். பயிருக்குள் இறங்காதீர்கள்.

4. முதலில் மஞ்சள் புருவக் கதிர்குருவியைக் கற்றுக்கொள்ளுங்கள். சைபீரியாவில் இனப்பெருக்கம் செய்து, பெரும்பாலும் தென்கிழக்கு ஆசியாவுக்குச் செல்லும் பறவை இது. ஆனாலும் இலையுதிர்காலத்தில் இங்கே தவறாமல் வருகிறது. நீண்ட வெளிர்மஞ்சள் புருவம், சிறகில் இரண்டு தெளிவான பட்டைகள், மேலேறி முடியும் கூர்மையான அழைப்பு. குளிர்காலத்தில் தமிழ்நாட்டுத் தோப்புகளில் பச்சைக் கதிர்குருவியைப் பார்த்திருந்தால் உங்கள் கண் பாதி பழகிவிட்டது: அதற்குச் சிறகில் பெரும்பாலும் ஒரே மெல்லிய பட்டை.

5. மாலையில் எண்ணிக்கையை எழுதுங்கள். ஜார்ஜ் வாட்டர்ஸ்டன் 1948இல் நிறுவிய பறவை ஆய்வகத்தில், ஒவ்வொரு இனத்தின் பெயரையும் வாசித்து அன்றைய எண்ணிக்கையைச் சேர்க்கும் வழக்கம் உண்டு. அரிய பறவையை மட்டும் குறிக்காதீர்கள். ரெட்விங் என்ற வலசைப் பறவைகள் எத்தனை, எந்தப் பக்கம் பறந்தன, காற்று எந்தத் திசை என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.