தோற்றவுடன் கோச்சை மாற்றும் கமிட்டிகளுக்கு

ஞாயிற்றுக்கிழமை உதைபந்தாட்டச் சுற்றுப்போட்டியில் முதல் மெச்சிலேயே வெளியேறிய கழகத்தின் வட்ஸ்அப் குரூப்பில், திங்கள் இரவுக்குள் “கோச்சை மாத்துங்க” என்று யாராவது எழுதியிருப்பார்கள். புதன்கிழமைக்குள் கமிட்டி கூடிவிடும். ஹட்டன், பொகவந்தலாவை, மஸ்கெலியா, தலவாக்கலை என்று மலையகத்தில் எங்கள் பக்கத்துத் தேயிலைத் தோட்டக் கழகங்கள் பலவற்றில் ஒரு கோச் இரண்டு தீபாவளியைத் தாண்டுவதே பெரிய காரியம். இந்த அவசரத்தில் திரும்பத் திரும்பச் செய்கிற தவறுகள் சில உண்டு.

ஒரு மெச்சின் முடிவை வைத்துத் தீர்ப்புச் சொல்வதில்தான் எல்லாம் ஆரம்பிக்கிறது. இங்கே நடப்பவை பெரும்பாலும் ஒருநாள் போட்டிகள். ஏழு பேர் கொண்ட அணி, பாதிக்குப் பத்துப் பதினைந்து நிமிடம், சமநிலை என்றால் பெனால்டி. அவ்வளவு குறுகிய நேரத்தில் ஒரு பந்து கம்பத்தில் பட்டு வெளியே போனாலே கதை முடிந்தது. மலையைச் சரித்து எடுத்த கிரவுண்ட், மழைக்காலத்தில் முழங்கால் வரை சேறு, பின்னேரமானால் எதிர்க் கோலே தெரியாத மூடுபனி. இதில் கோச்சின் பிழை எவ்வளவு, கெட்ட நேரம் எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க ஒரு ஞாயிறு போதாது.

இன்னொரு ஏமாற்று வேலையும் இதற்குள் இருக்கிறது. நான்கு மெச் தொடர்ந்து தோற்ற அணி, யார் கோச்சாக இருந்தாலும், அடுத்து வருபவற்றில் கொஞ்சம் தேறத்தான் செய்யும். அவ்வளவு மோசமான ஓட்டம் நீண்ட நாள் நீடிப்பது அரிது. நாலாவது தோல்வியோடு ஆளை மாற்றியிருந்தால், தானாக வந்திருக்கக்கூடிய அந்தத் தேறுதலுக்கு மாலை புதியவர் கழுத்தில் விழும். நெதர்லாந்தின் முதல்தர லீக்கை 1986 முதல் 2004 வரை எடுத்து, பாஸ் டெர் வீல் என்ற பொருளியலாளர் இதைத்தான் அலசினார். கோச்சை நீக்கிய கழகங்களை ஒரு பக்கமும், அதே மாதிரிச் சறுக்கியும் நீக்காமல் விட்ட கழகங்களை மறுபக்கமும் வைத்துப் பார்த்தார். இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே மாதிரித்தான் மீண்டிருந்தன.

அடுத்தது, என் கணக்கில் எல்லாவற்றையும் விடப் பெரிய தவறு. கோச்சின் கையில் நாம் எதைக் கொடுத்தோம் என்று கமிட்டி தன்னையே கேட்டுக்கொள்வதில்லை. பையன்கள் ஓ.லெவல் எழுதிய கையோடு கொழும்புக்குக் கடை வேலைக்குப் போய்விடுகிறார்கள். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் சித்திரைக்கும் லீவில் வருகிறார்கள். சுற்றுப்போட்டிகளும் அந்த நாட்களை ஒட்டியே வைக்கப்படுகின்றன. இரவு பஸ்ஸில் வந்து இறங்கியவன் விடிந்ததும் ஜேர்சி போடுகிறான். மாதக்கணக்கில் பயிற்சிக்கு வந்த தோட்டத்துப் பையன் கோட்டுக்கு வெளியே தண்ணீர்ப் போத்தலோடு நிற்கிறான். ஏன் என்று கேட்டால், கொழும்பிலிருந்து வந்தவன் ஜேர்சிக்குக் காசு கொடுத்தவன், இல்லாவிட்டால் தலைவரின் மருமகன். “இவனை எறக்குங்க மாஸ்டர்” என்று சொன்னது கமிட்டி. தோற்றால் வீட்டுக்குப் போவது, பள்ளிக்கூடத்தில் படிப்பித்துவிட்டு வந்து சம்பளமில்லாமல் விசில் ஊதுகிற மாஸ்டர்.

நாட்டின் அணியிலும் இதே கதைதான். 1995இல் கொழும்பில் இந்தியாவை வென்று தெற்காசியக் கிண்ணம் எடுத்த இலங்கை, அதற்குப் பிறகு அந்தக் கிண்ணத்தைத் தொடவில்லை. 2020இல் அமீர் அலாகிச், 2022இல் அன்டி மொரிசன், அவருக்குப் பின் அப்துல்லா அல்முதைரி என்று வெளிநாட்டுப் பயிற்றுநர்கள் வந்தார்கள். நடுவில் 2023 ஜனவரி முதல் ஆகஸ்ட் வரை ஃபிஃபாவின் தடை. நாட்டின் உதைபந்தாட்டச் சம்மேளன நிர்வாகத்தில் வெளியார் தலையீடு என்பது குற்றச்சாட்டு. சர்வதேச மெச்சே ஆட முடியாத அணிக்கு எந்தத் தேசத்துக் கோச் வந்துதான் என்ன செய்வார்?

டீவியில் பார்ப்பதை அரைகுறையாகப் பின்பற்றுவதும் நடக்கிறது. பொறுமை என்றாலே அலெக்ஸ் பெர்குசனை இழுப்பார்கள். 1986 நவம்பரில் மன்செஸ்டர் யுனைட்டட்டுக்கு வந்தார், முதல் லீக் பட்டம் 1993இல்தான். உண்மை. ஆனால் 1989–90 பருவத்தில் லீக்கில் 13ஆம் இடத்தில் முடித்தவருக்கு, அதே பருவத்தில் கிடைத்த எஃப்.ஏ. கிண்ணம் மூச்சுவிட இடம் தந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். காத்திருந்தால் எல்லாரும் பெர்குசன் ஆகிவிடுவதில்லை.

நான் காட்டுவது ஆர்சனலை. மிக்கெல் ஆர்டேட்டா 2019 டிசம்பரில் அங்கே கோச்சாக வந்தார். முதல் இரண்டு பருவமும் 8ஆம் இடம். 2021 ஆகஸ்டில் முதல் மூன்று லீக் மெச்சும் தோல்வி, வாங்கிய கோல் ஒன்பது, அடித்தது பூச்சியம், அட்டவணையில் கடைசி. அந்தப் பருவத்தை 5ஆம் இடத்தில் முடித்தார்கள். அடுத்த மூன்று பருவமும் 2ஆம் இடம். இடையில் கழகம் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை. ஓசிலும் ஓபமேயாங்கும் அனுப்பப்பட்டார்கள், ஒடேகார்டும் பென் வைட்டும் எடுக்கப்பட்டார்கள். கோச் கேட்ட அணி கொஞ்சம் கொஞ்சமாக அவர் கைக்கு வந்தது. கவ்வாத்து வெட்டிய (தேயிலைச் செடியைக் கத்தரித்த) மலையில் அடுத்த வாரமே கொழுந்து கேட்கிற தோட்டத் துரை எவரும் இல்லை, அதற்காக மலையை அப்படியே காடாக விடுகிறவரும் இல்லை.

செல்சியைக் காட்டி எதிர்வாதம் செய்பவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு. 2021 ஜனவரியில் லம்பார்டை நீக்கிவிட்டுத் தூஹெலைக் கொண்டுவந்தார்கள், மே மாதம் சம்பியன்ஸ் லீக் கிண்ணம் வந்தது. ஆகவே மாற்றினால் ஒருபோதும் பலனில்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் தூஹெலுக்குக் கிடைத்தது முந்தின ஆண்டு காசைக் கொட்டிச் சேர்த்த அணி. அதே செல்சி 2022–23இல் தூஹெல், பொட்டர், மறுபடி லம்பார்ட் என்று ஒரே பருவத்தில் மாற்றி மாற்றி 12ஆம் இடத்தில் போய் நின்றது. நம் கழகத்தில் கோச் மாறினாலும் அதே பையன்கள், அதே இரண்டு பந்து.

பெரிய கழகங்கள் நட்டஈடாகக் கோடிகளைக் கட்டுகின்றன. இங்கே போவது ஆட்கள். தோட்டத்தின் மேல்பிரிவைச் சேர்ந்த கோச்சை நீக்கினால் மேல்பிரிவுப் பையன்களும் சேர்ந்து கிளம்பி வேறு பெயரில் கழகம் தொடங்குவார்கள். பிறகு ஒரே தோட்டத்தில் இரண்டு கழகம், இரண்டிலும் ஓர் அணிக்கு ஆள் தேறாது.

பொறுமை என்ற பெயரில் எதையும் பொறுத்துக்கொண்டிருப்பதும் தவறுதான். பையன்களை அடிக்கிறவர், குடித்துவிட்டுக் கிரவுண்டுக்கு வருகிறவர், கழகத்துக் காசுக்குக் கணக்குக் காட்டாதவர், தன் சொந்தக்காரப் பையனை மட்டும் இறக்குகிறவர், இவர்களை ஒரு நாளும் வைத்திருக்கத் தேவையில்லை. கிண்ணத்தோடு வந்தாலும் அப்படித்தான்.

மற்றவர்களை எடைபோட ஒரு சீ.ஆர். கொப்பி (தடித்த அட்டைக் கொப்பி) போதும். பயிற்சிக்கு யார் யார் வந்தார்கள், மெச்சில் இறங்கியவர்களில் எத்தனை பேர் பயிற்சிக்கு வந்தவர்கள், வாங்கிய ஒவ்வொரு கோலும் எப்படி விழுந்தது. “மூன்றுக்குப் பூச்சியம், தோல்வி” என்று எழுதி வைப்பதில் பிரயோசனம் இல்லை. “கோனர் கிக், தூரக் கம்பத்தில் ஆள் இல்லை” என்று எழுத வேண்டும். ஒழுங்காகப் பயிற்சிக்கு வருகிற அதே பையன்கள், ஒரு வருடம் கழித்தும் அதே கோனரில் அதே இடத்தை விட்டு நின்றால், அப்போது கோச்சைப் பற்றிப் பேசலாம். பையன்களே மாறிக்கொண்டிருந்தால் அவரைப் பற்றி அந்தக் கொப்பி ஒன்றும் சொல்லாது, கமிட்டியைப் பற்றித்தான் சொல்லும். அதனால்தானோ என்னவோ, கொப்பி வாங்கச் சொன்னால் பொருளாளர் காசில்லை என்கிறார்.

தவணையையும் முதலிலேயே பேசிவிடுங்கள். ஒரு சித்திரையிலிருந்து மறு சித்திரை வரை, நடுவில் எந்தக் கூட்டத்திலும் கோச்சை மாற்றும் பேச்சு எடுபடாது என்று எழுதிக் கையெழுத்து வைத்தால் வாய்கள் கொஞ்சம் அடங்கும். தவணை முடிந்து மாற்றத்தான் வேண்டும் என்றால், தலைவரும் செயலாளரும் அவர் வீட்டுக்குப் போய் நேரில் சொல்ல வேண்டும். குரூப்பிலிருந்து தூக்கிவிட்டு அதையே அறிவிப்பாக வைத்துக்கொள்ளும் கமிட்டிகளும் இருக்கின்றன. அவர் வீட்டிலிருந்து திரும்பி வரும்போது கொப்பியையும், பதினைந்து வயதுக்குட்பட்ட பையன்களின் பெயர் விபரத்தையும், பந்து வைக்கிற அறையின் சாவியையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சாவி இல்லாமல் புதுக் கோச் முதல் நாளே கிரவுண்டில் நிற்கிற நிலை வேண்டாம்.