மழை நாளில் சொல்வதெழுதுதல்: பள்ளியில் நம் பிள்ளைக்காகப் பேசுவது எப்படி

கோத்தகிரிப் பக்கம் ஐப்பசி மழை பிடித்தால் லேசில் விடாது. என் மகள் மூன்றாம் வகுப்பு படித்த அறைக்குத் தகரக் கூரை. பிறவியிலேயே செவித்திறன் குறைந்தவள். இரண்டு காதுகளிலும் காதொலிக் கருவி மாட்டியிருப்பாள். அந்த மாதம் சொல்வதெழுதுதல் நோட்டில் 20-க்கு 3, 20-க்கு 4 என்றே வந்துகொண்டிருந்தது. கீழே சிவப்பு மையில் “கவனம் இல்லை.”

அதுவரை பள்ளிக்குப் போகும்போதெல்லாம் நான் சொன்னது ஒன்றுதான்: “கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள் டீச்சர்.” அவரும் சரி என்பார். முப்பது பிள்ளைகளுக்கு நடுவில் இவளுக்கு என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. எனக்கும் சொல்லத் தெரியவில்லை. ஆகவே பெற்றோர்களே, நாளைக் காலையில் நடந்ததா, நடக்கவில்லையா என்று கண்ணால் பார்த்துச் சொல்லக்கூடியதை மட்டும் கேளுங்கள்.

அதைக் கண்டுபிடிக்க வகுப்பில் ஒரு பாடவேளையாவது உட்கார வேண்டும். தலைமை ஆசிரியரிடம் அனுமதி கேட்டுக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். டீச்சர் ஜன்னலுக்கு முன்னால் நின்று பாடம் நடத்தினார். வெளியே மூடுபனியின் வெள்ளை வெளிச்சம். அவர் முகம் நிழலாகத்தான் தெரிந்தது. உதட்டசைவைப் பார்த்துப் பாதியைப் புரிந்துகொள்கிற பிள்ளைக்கு அங்கே உதடே தெரியவில்லை. கரும்பலகையில் எழுதும்போது முதுகைக் காட்டியபடியே பேசினார். மழை வலுத்தது. காதொலிக் கருவி பேச்சை மட்டுமா பெரிதாக்கும்? தகரத்தில் விழுகிற மழையையும் சேர்த்துத்தான் பெரிதாக்கும். என் மகள் எழுதுவதை நிறுத்திவிட்டு, பக்கத்துப் பிள்ளையின் பென்சில் போகும் திசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்தை நான் மறக்கவில்லை.

வீட்டுக்கு வந்து, கிழித்த காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் மூன்று வாரம் குறித்து வைத்தேன்: மழையா வெயிலா, மதிப்பெண் எவ்வளவு. வெயில் நாட்களில் 15-க்குக் குறையவில்லை. மழை நாட்களில் 5-ஐத் தாண்டவில்லை. பிள்ளைக்குக் கவனம் இருக்கிறது என்பதற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டியிருக்கவில்லை.

பிறகு தலைமை ஆசிரியருக்கு ஒரே பக்கத்தில் மனு எழுதினேன். மகளை முதல் வரிசையில், ஜன்னலுக்கு முதுகு காட்டி, நன்றாகக் கேட்கும் வலது காது ஆசிரியர் பக்கம் இருக்கும்படி உட்கார வைக்க வேண்டும். ஆசிரியர் வெளிச்சம் முகத்தில் விழும் இடத்தில் நின்று பேச வேண்டும். எழுதி முடித்துத் திரும்பிய பிறகே பேச வேண்டும். மழை பெய்தால் சொல்வதெழுதுதலை மழை விட்ட பிறகு வைக்க வேண்டும். வீட்டுப்பாடத்தைப் பலகையில் எழுதிப் போட வேண்டும். அவ்வளவுதான். காலண்டர் தாள்களையும், எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் பரிசோதனைத் தாளான ஆடியோகிராமின் நகலையும் இணைத்தேன்.

மனுவை இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் தேதியும் கையெழுத்தும் முத்திரையும் வாங்கிக்கொள்ளுங்கள். தோட்டத்துத் தேயிலையை எடை போட்டதும் சீட்டு வாங்காமல் யாராவது வீட்டுக்கு வருவோமா? இதுவும் அப்படித்தான். பேச்சுவார்த்தைக்குத் தனியாகப் போகாதீர்கள். என்னுடன் என் நாத்தனார் வந்தார். நான் பேசினேன், அவர் எழுதிக்கொண்டார். பிள்ளையின் குறையைப் பிள்ளையை வைத்துக்கொண்டு பேசக் கூடாது. அவளை வெளியே விளையாட அனுப்பிவிட்டோம்.

சட்டம் நம் பக்கம் இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016-இன் 16-ஆம் பிரிவு அரசு நடத்தும் பள்ளியை மட்டுமல்ல, அரசு அங்கீகாரம் பெற்ற தனியார் பள்ளியையும் கட்டுப்படுத்தும்: ஒவ்வொரு பிள்ளையின் தேவைக்கேற்ற வசதியைச் செய்து தர வேண்டும். தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், இரண்டாம் மூன்றாம் மொழிப்பாட விலக்கு ஆகியவை 17-ஆம் பிரிவில் வருகின்றன. ஆனால் முதல் சந்திப்பிலேயே பிரிவு எண்ணைச் சொல்லாதீர்கள். எதிரில் இருப்பவர் உடனே தற்காப்புக்குப் போய்விடுவார். நமக்கு வேண்டியது அவருடைய கையும் மனமும்.

மாற்றுத்திறனாளி தனித்துவ அடையாள அட்டைக்குச் சீக்கிரமே விண்ணப்பித்து விடுங்கள். பத்தாம் வகுப்பில் தேர்வுச் சலுகை கேட்கும்போது ஓட வேண்டியிருக்காது.

பள்ளி அசையவில்லை என்றால் வட்டார வள மையத்துக்குப் போய்ச் சிறப்புப் பயிற்றுநரைப் பாருங்கள். வகுப்புக்கு வந்து பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். அதற்கும் மேலே முதன்மைக் கல்வி அலுவலர் இருக்கிறார். திங்கட்கிழமைகளில் ஊட்டி ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள் நடக்கிறது. எங்கே போனாலும் அந்த முத்திரை விழுந்த பிரதி கையில் இருக்க வேண்டும். எனக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியிருக்கவில்லை. காலண்டர் தாள்களைப் பார்த்ததும் டீச்சர் சற்று நேரம் பேசவில்லை. மறுநாளே இடம் மாறியது.

அதன் பிறகு அவருக்கு பேட்டரி மாற்றவும் கற்றுக்கொடுத்தேன். ஸ்டிக்கரை உரித்து ஒரு நிமிடம் காற்றுப்பட வைத்துவிட்டுத்தான் உள்ளே போட வேண்டும். இரண்டு பேட்டரிகள் எப்போதும் அவர் மேசை இழுப்பறையில் இருக்கும். நம் ஊர் ஈரத்துக்குக் கருவி சீக்கிரம் கெட்டுவிடும். இரவில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்துடன் மூடிய டப்பாவில் வையுங்கள்.

மகளுக்கும் ஒரு வாக்கியம் பழக்கினோம்: “டீச்சர், எனக்குக் கேட்கவில்லை, இன்னொரு முறை சொல்லுங்கள்.” கண்ணாடி முன் நின்று பல நாள் சொல்லிப் பார்த்தாள். முதல்முறை வகுப்பில் எழுந்து சொன்ன அன்று, பள்ளிப் பையைக்கூடக் கழற்றாமல் தோட்டத்துக்கே ஓடிவந்து என்னிடம் சொன்னாள்.

ஜூனில் ஆசிரியர் மாறுவார். புதியவருக்கு எதுவும் தெரிந்திருக்காது. பள்ளி திறந்த முதல் வாரமே பழைய மனுவைத் தேதி மாற்றி எழுதி எடுத்துக்கொண்டு போய்விடுங்கள்.