வி.பி.என். இணையவில்லையா? பிழை எண்ணை மூடிவிடாதீர்கள்

வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்களின் கணினிக் கோளாறுகளைத் தீர்த்துவைப்பது என் அன்றாட வேலை. வீட்டுக் கணினியை இணையம் வழியாக அலுவலக வலையமைப்போடு பாதுகாப்பாக இணைப்பதுதான் வி.பி.என். "வி.பி.என். வரவில்லை" என்று அழைப்பவர்களிடம் திரையில் என்ன எண் வந்தது என்றுதான் முதலில் கேட்பேன். பெரும்பாலோர் பார்த்த வேகத்தில் மூடியிருப்பார்கள். அதற்குள் மென்பொருளை நீக்கி மறுபடி நிறுவி, ரவுட்டரை நான்கு முறை அணைத்துப் போட்டு, இருந்த ஒரே தடயத்தையும் கலைத்திருப்பார்கள்.

விண்டோஸில் 691 வந்தால் சர்வர் வரை போய்ச் சேர்ந்துவிட்டீர்கள். பயனர் பெயரோ கடவுச்சொல்லோதான் ஏற்கப்படவில்லை. ரவுட்டருக்கு அங்கே வேலையே இல்லை. பழைய கடவுச்சொல்லையே திரும்பத் திரும்ப அடித்தால் கணக்கு பூட்டிக்கொள்ளவும் கூடும். 868 என்றால் சர்வரின் பெயரையே கணினியால் கண்டுபிடிக்க முடியவில்லை. முகவரியை எழுத்தெழுத்தாகச் சரிபாருங்கள். எல்2டிபி என்ற வி.பி.என். வகையில் 789 வந்தால், இரு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டிய ரகசியச் சாவியை முதலில் சந்தேகிக்க வேண்டும். மின்னஞ்சலிலிருந்து நகலெடுக்கும்போது கடைசியில் ஓர் இடைவெளி கூடவே வந்துவிடும், கண்ணுக்குத் தெரியாது.

809 வேறு வகை. அனுப்பியதற்குப் பதிலே வரவில்லை என்பது அதன் பொருள். எல்2டிபிக்கு யுடிபி 500, 4500 ஆகிய இரண்டு போர்ட்டுகளும், அதாவது தரவு போய்வரும் எண்ணிட்ட வாசல்களும், திறந்திருக்க வேண்டும். வழியில் ஏதோ ஒன்று அடைக்கிறது. உடனே கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்டில் இணைத்துப் பாருங்கள். அதில் வேலை செய்தால் கோளாறு வீட்டு ரவுட்டரிலோ விடுதி வைஃபையிலோ இருக்கிறது. இந்த ஒரு நிமிடச் சோதனையைச் செய்யாமல், ஊடுருவலைத் தடுக்கும் ஃபயர்வாலை அணைப்பவர்கள் அதை மறுபடி போட மறந்துவிடுகிறார்கள். அதுதான் எனக்குக் கவலை.

இன்னொரு பெரிய தவறு, எதுவும் இணையவில்லை என்று பிபிடிபி என்ற பழைய வி.பி.என். வகைக்கு மாறுவது. அதன் கடவுச்சொல் பரிமாற்றத்தை ஒரே நாளில் உடைக்கலாம் என்று 2012-இலேயே செய்து காட்டிவிட்டார்கள். 2016-இல் ஆப்பிள் தன் இயங்குதளங்களிலிருந்து அதை நீக்கியும்விட்டது. இணைந்துவிட்டது என்ற நிம்மதிக்காக அலுவலகக் கோப்புகளை அந்த வழியில் அனுப்பாதீர்கள்.

கடிகாரத்தை யாரும் சந்தேகிப்பதில்லை. ஒரு வீட்டில் பழைய மேசைக் கணினி, சர்வரின் அடையாளத்தை உறுதிசெய்யும் சான்றிதழ் செல்லாது என்று இரண்டு நாளாக அடம்பிடித்தது. ஓப்பன்விபிஎன் என்ற வி.பி.என். மென்பொருளை மூன்று முறை நிறுவியிருந்தார்கள். திரையின் வலது மூலையைப் பார்த்தேன். ஆண்டு 2015 என்றிருந்தது. மதர்போர்டில் இருக்கும் நாணயம் போன்ற சிஆர்2032 பேட்டரி தீர்ந்திருந்தது. சான்றிதழ் செல்லத் தொடங்கும் நாள் அதற்குப் பிந்தையது என்பதால், அந்தக் கணினிக்குச் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை! பேட்டரியை மாற்றி, தேதியைத் திருத்தியதும் இணைந்துவிட்டது.

எப்போதும் தவறு உங்கள் பக்கம் என்றும் எண்ண வேண்டாம். 2022 ஜனவரி 11 அன்று வந்த விண்டோஸ் அப்டேட் பல கணினிகளில் எல்2டிபியை முடக்கியது. 17-ஆம் தேதி தனியாகத் திருத்தம் வெளியிட்டார்கள். நேற்றுவரை ஓடியது இன்று நின்றால் எதையும் மாற்றுமுன் சக ஊழியர் ஒருவரைக் கேளுங்கள்.

கடைசியாக, பிழையே காட்டாத பிழை. வி.பி.என். இணைந்ததாகச் சொல்லும், அலுவலகக் கோப்புறை மட்டும் திறக்காது. வீட்டு ரவுட்டரும் அலுவலக வலையமைப்பும் ஒரே 192.168.1 வரிசையில் முகவரி கொடுத்தால் இப்படி ஆகும். அலுவலகச் சர்வர் 192.168.1.10 என்று வைத்துக்கொள்ளுங்கள். கணினி அதை உங்கள் வீட்டுக்குள்ளேயே தேடும். வி.பி.என். என்ற சுரங்கப் பாதை திறந்திருந்தும் அந்தப் பக்கம் எதுவும் போகாது. ரவுட்டரில் வீட்டு வரிசையை 192.168.57 போன்ற, அலுவலகம் பயன்படுத்தாத ஒன்றாக மாற்றுங்கள். மாற்றியபின் வீட்டிலுள்ள எல்லாக் கருவிகளையும் ஒருமுறை அணைத்துப் போட வேண்டும். பிரின்டருக்கு நிலையான முகவரி கொடுத்திருந்தால் அதையும் புதிய வரிசைக்குக் கொண்டுவர வேண்டும்.