உங்கள் சபை காணி விற்பனையை எவ்வளவு நம்பி இருக்கிறது? பாதீட்டை வாங்கிப் பாருங்கள்

யாழ்ப்பாணத்தில் ஒரு வயலை மண் போட்டு நிரவினால் காணிக்காரரையும் தரகரையும்தான் திட்டுகிறோம். பிரதேச சபையின் வரவுப் பக்கத்தையும் ஒருமுறை பாருங்கள்.

சபையில் ஐந்து வருடப் பாதீட்டையும் இறுதிக் கணக்கையும் கேளுங்கள், காணி விலை ஏறின வருடமும் படுத்த வருடமும் பக்கத்தில் இருந்தால்தான் விஷயம் பிடிபடும். தராவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் தகவல் அலுவலருக்கு எழுதிக் கொடுங்கள். 14 வேலை நாட்களுக்குள் அவர் முடிவு சொல்ல வேண்டும்.

கணக்கு கைக்கு வந்ததும் பென்சிலால் பிரியுங்கள். காணி கைமாறினால், துண்டாடினால், கட்டடம் எழும்பினால் மட்டும் வரும் காசு ஒரு பக்கம்: காணி உறுதி (பத்திரம்) முடிக்கும்போது கட்டும் முத்திரை வரி, காணிப் பிரிப்பு, கட்டட அனுமதிக் கட்டணங்கள். முத்திரை வரி மாகாணத்தினூடாக வருவதால் மானியங்களுக்குப் பக்கத்தில் கிடக்கலாம், தேடி எடுங்கள். ஆதனவரி மறுபக்கம். அதுவும் காணியில் இருந்துதான் வருகிறது, ஆனால் விற்காவிட்டாலும் வருடாவருடம் வரும், ஆகவே இரண்டையும் கலக்க வேண்டாம். ஊழியர் சம்பளத்துக்கு அரசு தரும் மானியத்தைக் கழித்துவிட்டு, மிச்ச வரவில் முதல் பக்கம் எத்தனை வீதம் என்று பாருங்கள்.

அந்த வீதம் ஏன் முக்கியம்? 16 பரப்பு (ஏறக்குறைய ஒரு ஏக்கர்) வயல் வயலாகவே கிடந்தால் சபைக்குப் பெரிதாக ஒன்றும் வராது, அதையே துண்டு போட்டு விற்றால் ஒவ்வொரு உறுதிக்கும் காசு. வற்றாத ஆறு இல்லாத எங்களுக்கு மழைநீர் சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கினால்தான் கிணற்றில் தண்ணீர், அந்த வேலையைச் செய்கிற வயலுக்கும் குளத்துக்கும் வரவுப் பக்கத்தில் ஒரு சதமும் எழுதப்படுவதில்லை.

சீனாவில் இதைப் பெரிய அளவில் பார்க்கலாம். வரியில் பெரும்பங்கை மத்திய அரசு எடுத்துக்கொண்ட 1994 வரிப் பகிர்வுச் சீர்திருத்தத்துக்குப் பிறகு உள்ளூர் அரசுகள் நிலப் பயன்பாட்டு உரிமையை விற்கும் காசில் மேலும் மேலும் தங்கின. வீட்டு நிலத்தை உச்ச விலைக்கு ஏலம் விட்டார்கள், தொழிற்சாலைக்கு மலிவாகக் கொடுத்தார்கள், புகை கக்கும் தொழில்களும் அப்படியே உள்ளே வந்தன. அதே காசில் மெட்ரோவும் கட்டினார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். எங்கள் சபைகள் அப்படி நிலம் விற்பதில்லை, விற்பனையில் ஒரு பங்குதான் வருகிறது, ஆனாலும் ஆசை அதே ஆசை.

சரி, இனிச் செலவுப் பக்கம். குளம் தூர்வார, வெள்ளவாய்க்கால் திருத்த, சேதனப் பசளை செய்ய ஒதுக்கினது எவ்வளவு, உண்மையில் செலவழித்தது எவ்வளவு? அடுத்த பாதீடு வருட முடிவில் சபைக்கு வரும் முன்பே வட்டார உறுப்பினரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். ஆதனவரிக்கான மதிப்பீட்டைக் கடைசியாகப் புதுப்பித்தது எப்போது? எங்கள் வட்டாரத்தில் வந்த முத்திரை வரியில் ஒரு பங்கை எங்கள் குளத்துக்கே ஒதுக்குவீர்களா? பதிலை எழுத்தில் வாங்குங்கள்.