டியூப் போட்டதும் பேக் இறுகினால்

அறுவை சிகிச்சைக்கு மயக்கம் கொடுத்து மூச்சுக்குழாயில் டியூப் போட்ட சில நிமிடங்களில் "பேக் டைட்டா இருக்கு மேடம்" என்று, காற்றைத் தள்ளும் பை இறுகியதாக முதுநிலை மாணவர் யாராவது சொன்னால், மூச்சுக்குழாயை விரிக்கும் சால்புட்டமாலைத் தேடி ஓட விடமாட்டேன். ஆக்சிஜனை 100 சதவீதமாக்கி, துணைக்கு ஆளைக் கூப்பிட்டு, வென்டிலேட்டரை விட்டுக் கையால் பேக்கை அழுத்தச் சொல்வேன். டியூப் மடங்கியிருக்கிறதா, சளி அடைத்திருக்கிறதா, வலது மூச்சுக்கிளைக்குள் இறங்கிவிட்டதா? சக்‌ஷன் குழாயை உள்ளே விட்டால் பாதி சந்தேகம் தீரும். ஸ்டெத்தை இரண்டு பக்கமும் வையுங்கள். வீசிங் கேட்கவில்லை என்று நிம்மதி அடையாதீர்கள். கடுமையாகச் சுருங்கிய குழாயில் சத்தம் போடக்கூடக் காற்று இருக்காது. தோல் தடித்து பிபியும் விழுந்தால் அது அனாஃபிலாக்சிஸ் என்னும் கடும் ஒவ்வாமை, அங்கே அட்ரினலின்தான் முதல் மருந்து.

மூச்சுக்குழாய்தான் சுருங்கியிருக்கிறது என்று தெரிந்ததும் மயக்கத்தை ஆழமாக்குங்கள். மயக்க வாயுவான செவோஃப்ளூரேன் தானே குழாய்த் தசையைத் தளர்த்தும். டெஸ்ஃப்ளூரேன் உறுத்தும், வேண்டாம். வாயுவே உள்ளே போகாத நிலையென்றால் புரொபோஃபாலையோ கீட்டமினையோ சிரையில் கொடுங்கள்.

இனி சால்புட்டமால். ஒரு பஃப் 100 மைக்ரோகிராம். ஆனால் அதில் பெரும்பகுதி டியூபின் சுவரிலேயே ஒட்டிவிடும். வீட்டில் எடுப்பதுபோல் இரண்டு பஃப் அடித்துவிட்டு மருந்து வேலை செய்யவில்லை என்பது நியாயமில்லை. எட்டு, பத்து பஃப் கொடுங்கள். கேனிஸ்டரைக் குலுக்கி, மூச்சு உள்ளே போகத் தொடங்கும் அதே நொடியில் அழுத்துங்கள். கேனிஸ்டரை மாட்டும் அடாப்டர், சர்க்யூட்டில் உள்ள ஃபில்டருக்கும் நோயாளிக்கும் நடுவில் இருக்கட்டும். மறுபக்கம் மாட்டினால் மருந்தை ஃபில்டரே குடித்துவிடும். இதை நான் எத்தனை முறை சொன்னாலும் தகும்.

மருந்து மூச்சுக்குழாய்த் தசையிலுள்ள பீட்டா-2 ஏற்பிகளைத் தொட்டுச் சில நிமிடங்களில் தசையை இளக்கும். நாடித்துடிப்பு ஏறும், பொட்டாசியம் இறங்கும். மூச்சுக்குழாயை விரிக்கும் இன்னொரு மருந்தான இப்ராட்ரோப்பியம் மெதுவானது, துணைக்குச் சேர்க்கலாம். ஸ்டீராய்டான ஹைட்ரோகார்ட்டிசோன் வேலை செய்யப் பல மணி நேரம் ஆகும், அதனாலேயே சீக்கிரம் போட்டுவிடுங்கள். இதற்கும் மசியவில்லையா? மக்னீசியம் 2 கிராம், 20 நிமிடத்தில், பிபியைப் பார்த்தபடி. தசைத்தளர்த்தியின் வேலையையும் அது நீட்டும். ரத்தத்தின் ஆக்சிஜன் அளவு (சாச்சுரேஷன்) சரிந்துகொண்டே போனால் அட்ரினலினை 10 மைக்ரோகிராம் அளவில் சிரையில் ஏற்றிப் பாருங்கள்.

இவ்வளவுக்கும் நடுவே மூச்சை வேகமாகத் தள்ளாதீர்கள். எண்ணிக்கையைக் குறைத்து, வெளிவிட நேரம் கொடுங்கள். திடீரென்று பிபி விழுந்தால் சர்க்யூட்டைக் கழற்றி, நெஞ்சில் தேங்கிய காற்றை வெளியேற்றுங்கள்.