சித்திரையில் சுவிஸ் பனிமலை ஏறப்போகும் வன்னிப் பெடியளுக்கு

சித்திரை வருசத்தோடு அக்கா வீடு, மாமா வீடு என்று சுவிசுக்குப் போகிற எங்கள் பெடியள் இப்போது கேபிள் காரில் ரிற்லிஸ் மலை ஏறிப் படம் எடுத்ததோடு நிற்பதில்லை, அங்கே வளர்ந்த மச்சான்மாரோடு கயிறும் வேலியும் இல்லாத மலைக்கும் வெளிக்கிடுகிறார்கள். அங்கே பெரிய ஆபத்து பனிச்சரிவு, அதாவது மலையில் படிந்த பனி பெயர்ந்து வழுகி வந்து ஆளைப் புதைப்பது. அதிலிருந்து தப்பத்தான் இந்தக் குறிப்பு, கயிறு கட்டிய எல்லைக்குள் நிற்பவர்களுக்கு இது தேவையில்லை. மற்ற ஆக்கள் வாசியுங்கள்.

முதலில் சரிவு. வன்னியில் எங்களுக்கு ஏற்றம் என்றால் குளக்கட்டுத்தான். ஒரு அடி உயர இரண்டடி விலகும் கணக்கில் கட்டிய மண் கட்டு ஏறத்தாழ 27 பாகைச் சரிவு. பனிச்சரிவுகள் பெரும்பாலும் கிளம்புவது 30 முதல் 45 பாகை வரையான இடங்களில், அதனால் குளக்கட்டைவிடக் கொஞ்சம் செங்குத்தாகத் தெரிந்தாலே கவனம். கண்ணை நம்பாமல், பாகை காட்டும் செயலி போனில் இருந்தால் பார்த்துக்கொள்ளுங்கள். நிற்கிற இடம் தட்டையாக இருந்தாலும் தலைக்கு மேலே இருக்கிற சரிவு உங்கள் மேல்தான் வரும்.

சித்திரை, வைகாசிப் பனியில் எல்லாம் நேரம்தான். இரவு வானம் வெளித்திருந்தால் மேல்பனி உறைந்து இறுகி, விடியப்புறம் கால் வைத்தால் தாங்கும். வெயில் ஏற ஏற அது உருகி, தண்ணீர் உள்ளே இறங்கிப் பனியின் பிடி தளரும், அப்புறம் முழுச் சரிவும் ஈரமாக வழுகி வரலாம். கிழக்குப் பார்த்த பக்கம் முதலில் இளகும், பிறகு தெற்கு, பின்னேரம் மேற்கு. ஆகவே இருட்டோடு வெளிக்கிட்டு, மத்தியானத்துக்கு முதலே இறங்கிவிட வேண்டும். இரவு முழுக்க முகில் மூடியிருந்தாலோ மழை பெய்திருந்தாலோ பனி சரியாக உறைந்திருக்காது, அன்றைக்குப் போகவே வேண்டாம். சப்பாத்து கணுக்காலுக்கு மேல் புதைகிறதா, மேலிருந்து சின்னச் சின்னப் பனி உருண்டைகள் தானாக உருண்டு வருகின்றனவா, உடனே திரும்புங்கள்.

புதுப்பனி விழுந்து காற்றும் அடித்திருந்தால் அது வேறு ஆபத்து. காலடியில் 'வும்' என்று அமுங்கிய சத்தம் கேட்டாலும், பனியில் வெடிப்பு ஓடினாலும் அந்தச் சரிவை விட்டுவிடுங்கள்.

தாவோஸில் உள்ள பனி ஆய்வு நிலையம் பனிக்காலத்தில் தினமும் மாலை 5 மணிக்குப் பனிச்சரிவு ஆபத்து அறிவித்தல் போடும், 1 முதல் 5 வரை நிலைகள், 5தான் ஆகக் கூடின ஆபத்து. காலையில் 2 என்று இருப்பது பின்னேரம் 3 ஆக ஏறுவது இந்தக் காலத்தில் வழமை. 3 என்றால் நடுத்தரம்தானே என்று நினைக்காதீர்கள், உயிரிழப்புகளில் பெரும்பங்கு அந்த நிலையில்தான். 'நான் வருசா வருசம் போற இடமடா' என்று மச்சான் சொல்வது அறிவித்தல் ஆகாது.

ஆளுக்கு ஒரு பீக்கன் (புதைந்த ஆளைக் கண்டுபிடிக்கச் சமிக்ஞை அனுப்பவும் தேடவும் உதவும் கருவி), பனிக்குள் குத்திப் பார்க்க ஒரு மடக்குத் தடி, ஒரு சவள் கட்டாயம், மூன்றில் ஒன்று குறைந்தாலும் மற்ற இரண்டால் பெரிய பிரயோசனம் இல்லை. பீக்கனை வீட்டு வாசலிலேயே உடம்பில் மாட்டி இயக்கிவிடுங்கள். போனை அதிலிருந்து 20 சென்ரிமீற்றராவது தள்ளி வையுங்கள், தேடும்போது 50. ஆபத்தான சரிவை ஒவ்வொருவராகக் கடக்க வேண்டும், மற்றவர்கள் ஒதுங்கி நின்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

யாராவது புதைந்தால் முதல் 10, 15 நிமிடம்தான் பெரிய நம்பிக்கை, ஹெலிகொப்டர் அதற்குள் வருவது அருமை. ஒருவர் சுவிஸ் ஹெலிகொப்டர் மீட்புச் சேவையின் 1414க்கு அழைக்கட்டும், மற்றவர்கள், மேலே இன்னொரு சரிவு தொங்கவில்லை என்று பார்த்துக்கொண்டு, ஆளைக் கடைசியாகக் கண்ட இடத்துக்குக் கீழே பீக்கனோடு தேடுங்கள். தடி ஆளில் பட்டால் உருவாமல் அப்படியே விட்டு, சரிவின் கீழ்ப்பக்கத்திலிருந்து உள்நோக்கித் தோண்டுங்கள், முதலில் முகமும் நெஞ்சும் வெளியே வர வேண்டும்.