தோட்டக் குளத்தில் சின்ன அருவி அமைக்க

ஆறடி நீளம், நாலடி அகலம், இரண்டடி ஆழத்தில் ஒரு குளம். அதில் இரண்டரை அடி உயரத்திலிருந்து எட்டு அங்குல அகலத்துக்குத் தண்ணீர் விழ வேண்டும் என்று வைத்துக்கொள்வோம்.

முதலில் பம்பு. தண்ணீர் விழும் விளிம்பில் அங்குலத்துக்கு மணிக்கு ஏறத்தாழ 380 லிட்டர் வந்தால்தான் தண்ணீர் திரை போல விழும்; குறைந்தால் கல்லை நனைத்துக்கொண்டு வழியும். எட்டு அங்குலத்துக்கு 3,000 லிட்டர் ஆகிறது. பம்புப் பெட்டியில் அச்சிட்ட அளவு, தண்ணீரை மேலே ஏற்றாதபோது கிடைப்பது. உயரம் கூடக் கூட அது குறைந்து, ‘ஹெச் மேக்ஸ்’ என்று போட்டிருக்கும் உயரத்தில் சொட்டுக்கூட வராது. அதனால் ஹெச் மேக்ஸ் 3 மீட்டர் உள்ள 5,000 லிட்டர் பம்பாக வாங்குங்கள். குழாய் ஒன்றேகால் அங்குலம். அரை அங்குலத் தோட்டக் குழாயை மாட்டினால் நல்ல பம்பும் திணறும்.

குளம் தோண்டிய மண்ணே மேட்டுக்குப் போதும். அரையடிக்கு ஒருமுறை தண்ணீர் தெளித்துத் திமிசு போட்டு இறுக்குங்கள். அப்படியும் மழைக்கு மண் கொஞ்சம் இறங்கும். ஆகவே விளிம்புக் கல் உட்காரும் இடத்தில் மட்டும் செங்கல் கட்டுவது நல்லது.

மேட்டின்மேல் இரண்டு அங்குலம் சலித்த மணல், பழைய சாக்கு, அதன்மேல் பண்ணைக்குட்டைக்குப் போடும் 500 மைக்ரான் தார்பாய். இரு பக்கமும் பாய் அரையடி உயர்ந்து நிற்கட்டும். ஓடு வேயும்போது மேல் ஓடு கீழ் ஓட்டின்மேல் படிவது போல, அருவிப் பாயின் கீழ்முனை குளத்துப் பாயின்மேல் விழ வேண்டும். மாற்றிப் போட்டால் தண்ணீர் மண்ணுக்குத்தான் போகும்.

அருவியின் அழகு முழுக்க விளிம்புக் கல்லில்தான் இருக்கிறது, இங்கே அவசரப்படாதீர்கள். ஒன்றரை அங்குலக் கனமுள்ள கடப்பா கல் எடுத்து, முகப்பு மூன்று அங்குலம் வெளியே நீட்டி நிற்க வையுங்கள். குறுக்கே ரசமட்டத்தின் குமிழி நட்டநடுவில் நிற்க வேண்டும். ஒரு பக்கம் இரண்டு மில்லிமீட்டர் தாழ்ந்தாலும் தண்ணீர் அந்த மூலைக்கே ஓடிவிடும். முன்பக்கம் இம்மி சரிவு போதும். கல்லின் அடியில், முகப்பிலிருந்து ஓர் அங்குலம் உள்ளே தள்ளி, கட்டிங் மெஷினால் ஒரு காடி எடுங்கள். அது இல்லையென்றால் தண்ணீர் கல்லின் அடிப்புறத்தைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கி வழியும். சன்ஷேடுக்கு அடியில் கொத்தனார் காடி விடுவதும் இதற்காகத்தான்.

சிமெண்ட் தார்பாயில் ஒட்டாது. கல்லுக்கு அடியில் இடைவெளி இருந்தால் பாதித் தண்ணீர் கண்ணில் படாமல் கீழே போய்விடும், அருவி மெலியும். கல்லை ஈரப்படுத்திவிட்டு, அடித்ததும் உப்பி இறுகும் கறுப்பு நுரையான பியூ ஃபோம் அடித்து அடைத்துவிடுங்கள். பக்கக் கற்களுக்குச் சிமெண்ட் வைத்தால், அது இறுகிய பிறகு குளத்தை நிரப்பி, இரண்டு நாள் ஊறவிட்டுக் கொட்டுங்கள். மூன்று முறையாவது இப்படிச் செய்து, தண்ணீரின் காரத்தைக் காட்டும் பிஹெச் அளவு 8.5க்குக் கீழே வந்த பிறகே மீன் விட வேண்டும். சிமெண்டிலிருந்து கசியும் சுண்ணாம்பு மீனைக் கொன்றுவிடும்.

பம்பை அருவிக்கு எதிர்க்கோடியில், துளைகள் உள்ள பிளாஸ்டிக் கூடைக்குள் போட்டுச் செங்கல்மேல் வையுங்கள்; தரையில் வைத்தால் சேற்றை உறிஞ்சி அடைத்துக்கொள்ளும். மேலே, விளிம்புக் கல்லுக்குப் பின்னால் தண்ணீர் வந்து நிரம்பும் சிறு தொட்டியில், குழாய் வாய் தண்ணீருக்குள் மூழ்கியிருக்கக் கூடாது. மூழ்கியிருந்தால் கரண்ட் போனதும் மேல் தொட்டித் தண்ணீர் அதே குழாய் வழியே திரும்பி இறங்கிவிடும். இந்த அளவுக் குளத்தில் 50 லிட்டர் மேலே போனாலே மட்டம் 2 செ.மீ.க்கு மேல் இறங்கும். மேல் தொட்டி சிறிதாகவே இருக்கட்டும்.

பம்பின் இணைப்பில் மின்கசிவு வந்தால் உடனே கரண்டைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபியும் எர்த்தும் கட்டாயம். ஒயர் ஜாயிண்ட் தண்ணீருக்குள் வரவே கூடாது. ஸ்விட்சை அணைக்காமல் குளத்தில் கை வைக்காதீர்கள்.

ஓடவிட்ட பிறகு தண்ணீர் குறைகிறதா? பம்பை ஒரு நாள் நிறுத்திப் பாருங்கள். மட்டம் அப்படியே நின்றால் குளத்தில் ஓட்டை இல்லை. அருவியின் ஓரத்தில் பாய் எங்கோ மடிந்து தாழ்ந்திருக்கிறது, அல்லது சாரல் வெளியே தெறிக்கிறது. கற்களுக்குப் பின்னால் மண்ணைத் தொட்டுப் பாருங்கள். ஈரமாக இருக்கும் இடத்தில் பாயைத் தூக்கி, அடியில் மண் அணைத்தால் சரியாகிவிடும்.